புது எக்செல்லில் பழைய மேக்ரோ ஏன் தவழ்கிறது?

பல வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மேக்ரோ (எக்செல்லில் பல படி வேலையை ஒரே அழுத்தலில் முடிக்கும் நிரல்). பட்டனை அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பிறகு கம்ப்யூட்டரை மாற்றினார்கள், கூடவே எக்செல்லும் புது வெர்ஷன் ஆயிற்று. அதே ஃபைல், அதே பட்டன். ஆனால் இப்போது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றும் வந்துவிடுகிறது. புது மெஷின் என்றால் இன்னும் வேகமாக அல்லவா ஓட வேண்டும்?

அந்த 'நாட் ரெஸ்பாண்டிங்'கைப் பார்த்துப் பதறி, டாஸ்க் மேனேஜரில் போய் எக்செல்லை மூடிவிடாதீர்கள். மேக்ரோ ஓடும்போது எக்செல் அதிலேயே மூழ்கிவிடும். இடையில் விண்டோஸ் "இருக்கிறாயா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. சில நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு விண்டோஸ் அந்தப் பலகையை மாட்டிவிடுகிறது. உள்ளே பெரும்பாலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

சொல்லப்போனால் அந்த நேரம்தான் கோளாறைப் பிடிக்க வசதியான நேரம். ஃபைலின் நகல் ஒன்றில் மேக்ரோவை ஓடவிட்டு, மெதுவாகும்போது எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். (பிரேக் கீ உள்ள கீபோர்டு என்றால் கன்ட்ரோல்+பிரேக்.) மேக்ரோ நின்று ஒரு பெட்டி வரும். அதில் 'டீபக்' பட்டனை அழுத்தினால் எடிட்டர் திறந்து, எந்த வரியில் நின்றதோ அது மஞ்சளாகத் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு எஃப்5 அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். மறுபடி நிறுத்துங்கள். இப்படி ஐந்தாறு முறை. நான்கு முறை ஒரே வரியிலோ அதன் அக்கம்பக்கத்திலோ நின்றால், நேரம் அங்கேதான் போகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட எளிய சோதனை கிடையாது. ஆனாலும் பலர் இதைச் செய்யாமல், இணையத்தில் கிடைத்த பத்து வரிகளை மேக்ரோவின் தலையில் ஒட்டிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்பார்கள்.

ஒரு குறிப்பு: கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எடிட்டரைத் திறக்க ஆல்ட்+எஃப்11.

மேக்ரோ வேறு, ஷீட் வேறு

மேக்ரோ எழுதப்படும் மொழி விபிஏ. அது எக்செல்லுக்குள்ளேயே இருந்தாலும், ஷீட்டும் விபிஏவும் அடுத்தடுத்த அறையில் இருக்கும் இரண்டு ஆட்கள் மாதிரி. ஒரு செல்லில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் விபிஏ எழுந்து போய்க் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வர வேண்டும். எழுதுவதானாலும் அப்படியே.

விபிஏ தன் அறையில் உட்கார்ந்தபடியே செய்யும் கணக்கு படு வேகம். ஷீட்டைத் தொடாமல், ஒரு கோடி முறை ஒன்றோடு ஒன்றைக் கூட்டும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள், இன்றைய மெஷினில் ஒரு நொடிகூட ஆகாது. அதே லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செல்லைத் தொடச் சொன்னால் கதையே மாறிவிடும். ஏனென்றால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எக்செல் தன் பங்குக்குச் சில வேலைகளைச் செய்கிறது. அந்த செல்லை நம்பியிருக்கும் ஃபார்முலாக்களை மறுபடி கணக்கிடுகிறது. திரையை வரைகிறது. "இந்த செல் மாறினால் இதைச் செய்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அதையும் ஓட்டுகிறது. பக்கம் எங்கே வெட்டுப்படும் என்றுகூட சில சமயம் பார்க்கிறது.

புது மெஷினின் வேகம் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். 2007 முதல் எக்செல் ஃபார்முலாக்களை பிராசஸரின் பல கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஒரே நேரத்தில் கணக்கிடுகிறது. விபிஏ இன்றுவரை ஒற்றை ஆள்தான். எட்டு கோர் இருந்தாலும் ஒன்று ஓடும், மற்றவை சும்மா இருக்கும். ஆக, கதவைத் தட்டும் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி. மெஷினுக்கு மெமரி கூட்டுவது பெரும்பாலும் வீண் செலவு.

ஷீட் பெரிதானது

எக்செல் 2003 வரை ஒரு ஷீட்டில் 65,536 வரிசை, 256 நெடுவரிசை. 2007இல் அது 10,48,576 வரிசை, 16,384 நெடுவரிசை ஆனது. வரிசை 16 மடங்கு, நெடுவரிசை 64 மடங்கு. மொத்த செல் கணக்கில் 1,024 மடங்கு.

பழைய மேக்ரோவில் "ஏ நெடுவரிசையில் உள்ள ஒவ்வொரு செல்லையும் பார்" என்று ஒரு லூப் இருந்தால், அன்று 65,536 தட்டல். இன்று பத்து லட்சத்துக்கு மேல். தரவு என்னவோ 800 வரிசைதான் இருக்கும், மீதி எல்லாம் காலி செல்லைத் தட்டித் தட்டிப் பார்ப்பது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புது எக்செல்லில் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலை அப்படியே திறந்தால், அது 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று போட்டுக்கொண்டு அதே 65,536 வரிசையோடு ஓடும். மேக்ரோவும் பழைய வேகத்தில் போகும். என்றாவது ஒருநாள் யாராவது அதை எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோ உள்ள ஃபைலுக்கான புது வடிவம்) ஆகச் சேமிப்பார்கள். அடுத்த முறை திறந்ததும் ஷீட் முழு அளவுக்கு விரிந்துவிடும், மேக்ரோ படுத்துவிடும். "சாஃப்ட்வேர் மாற்றி மூன்று மாதம் ஆகிறது, நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று ஓடவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைத்தான்.

இதற்கு மருந்து, கடைசியாகத் தரவு உள்ள வரிசையைக் கண்டுபிடித்து அதோடு லூப்பை நிறுத்துவது. செல்ஸ்(ரோஸ்.கவுன்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ என்பது அதற்கான வழக்கமான வரி. ஷீட்டின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறி, முதலில் தட்டுப்படும் தரவுள்ள செல்லின் வரிசை எண்ணைத் தரும். பழைய மேக்ரோக்களில் இதே இடத்தில் 'ஏ65536' என்று நேரடியாக எழுதியிருப்பார்கள். அது வேகத்தைக் கெடுக்காது. ஆனால் தரவு 65,536 வரிசையைத் தாண்டிவிட்டால் சத்தமில்லாமல் தப்பான வரிசையைக் கொடுக்கும், கூடவே அதையும் மாற்றிவிடுங்கள். ஷீட்டின் மொத்த செல்லையும் 'கவுன்ட்' போட்டு எண்ணும் பழைய வரி இருந்தால் அது ஓவர்ஃப்ளோ பிழையோடு நின்றே போகும். எண்ணிக்கை 1,700 கோடியைத் தாண்டுகிறது, 'லாங்' வகை எண்ணில் சுமார் 214 கோடிக்கு மேல் போகாது. அங்கே 'கவுன்ட்லார்ஜ்' போட வேண்டும்.

நீங்களே விபிஏவில் ஃபங்ஷன் எழுதி அதை ஃபார்முலாவாகப் பயன்படுத்துகிறீர்களா? அங்கேயும் ஒரு கண் வையுங்கள். எக்செல்லின் சொந்த சம், சம்இஃப் போன்றவற்றுக்கு முழு நெடுவரிசையைக் கொடுத்தாலும் தரவு உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் உண்டு. நம் கையால் எழுதிய ஃபங்ஷனுக்கு அது கிடையாது. ஏ:ஏ என்று கொடுத்தால் பத்து லட்சத்தையும் நடந்தே பார்க்கும்.

மூன்று சுவிட்சுகள், ஒரு ஆபத்து

இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் வைத்தியம் இது. மேக்ரோவின் தொடக்கத்தில் அப்ளிகேஷன்.ஸ்கிரீன்அப்டேட்டிங் = ஃபால்ஸ் (திரையை வரையாதே), அப்ளிகேஷன்.கால்குலேஷன் = எக்ஸ்எல்கால்குலேஷன்மேனுவல் (ஃபார்முலாக்களைக் கணக்கிடாதே), அப்ளிகேஷன்.எனேபிள்ஈவன்ட்ஸ் = ஃபால்ஸ் (மாற்றத்துக்கு எதிர்வினை வேண்டாம்). ஒவ்வொரு தட்டலுக்கும் எக்செல் செய்யும் உபரி வேலையை இவை நிறுத்துகின்றன. நல்ல பலன் உண்டு, போடத்தான் வேண்டும்.

ஆபத்து என்னவென்றால், மேக்ரோ முடிந்ததும் ஸ்கிரீன்அப்டேட்டிங் மட்டும் தானாகப் பழைய நிலைக்கு வரும். மற்ற இரண்டும் வராது. நடுவழியில் பிழை வந்து மேக்ரோ நின்றுவிட்டால், கணக்கிடுதல் 'மேனுவல்' நிலையிலேயே தங்கிவிடும். அதுவும் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டுமில்லை, அப்போது திறந்திருக்கும் எல்லா ஃபைலுக்கும். அப்புறம் ஒருவர் வேறொரு ஃபைலில் எண்ணை மாற்றுவார், கூட்டுத்தொகை மாறாது, கவனிக்காமல் அதை மெயிலில் அனுப்பியும் விடுவார். மெதுவான மேக்ரோவைவிட இது மோசம்.

அதனால் தொடக்கத்தில் கால்குலேஷன் எந்த நிலையில் இருந்தது என்பதை ஒரு மாறியில் வாங்கி வையுங்கள். 'ஆன் எர்ரர் கோடூ முடிவு' என்று எழுதி, 'முடிவு' என்ற அடையாளத்தின் கீழே எல்லாவற்றையும் திருப்பி வைக்கும் வரிகளைப் போடுங்கள். (அடையாளப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.) பிழை வந்தாலும் வராவிட்டாலும் மேக்ரோ அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கேயே பிழைச் செய்தியையும் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிழை வந்ததே தெரியாமல் போய்விடும்.

நான்காவதாக இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. காலையில் வேகமாக ஓடிய மேக்ரோ, ஒருமுறை பிரிண்ட் பிரிவியூ பார்த்த பிறகு மெதுவாகிறதா? பிரிவியூவிலிருந்து திரும்பியதும் ஷீட்டில் பக்கம் பிரியும் இடங்களில் புள்ளிக்கோடு தெரியும். அந்தக் கோடு இருக்கும்வரை, ஒரு வரிசையை மறைத்தாலும் அழித்தாலும் பக்கங்கள் எங்கே பிரிகின்றன என்று எக்செல் மறுபடி பார்க்கும். ஆக்டிவ்ஷீட்.டிஸ்ப்ளேபேஜ்பிரேக்ஸ் = ஃபால்ஸ் என்ற ஒரு வரி போதும்.

ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுவருவது

சுவிட்சுகள் ஒவ்வொரு தட்டலின் செலவைக் குறைக்கும். தட்டல்களையே ஒழிப்பது அடுத்த படி, நிஜமான பலன் இங்கேதான்.

ஒரு ஷீட்டில் 20,000 வரிசை. சி நெடுவரிசையில் எண்ணிக்கை, டியில் விலை, இரண்டையும் பெருக்கி ஈயில் எழுத வேண்டும். வழக்கமான லூப் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று முறை கதவைத் தட்டும்: சியைப் படி, டியைப் படி, ஈயில் எழுது. மொத்தம் 60,000 தட்டல்.

இப்போது இப்படிச் செய்யுங்கள். 'தரவு' என்று ஒரு வேரியன்ட் (எந்த வகை மதிப்பையும் ஏற்கும்) மாறி. தரவு = ரேஞ்ச்("சி2:டி20001").வேல்யூ2 என்று ஒரே வரி. 20,000 வரிசையும் ஒரே நடையில் விபிஏவின் அறைக்கு வந்துவிட்டன, இதற்குப் பெயர் அரே. அதே நீளத்தில், ஒரு நெடுவரிசை அகலத்தில் இன்னொரு அரே எடுத்து, பெருக்கிய விடைகளை அதில் நிரப்புங்கள். இந்த லூப் ஷீட்டைத் தொடுவதே இல்லை. கடைசியில் ரேஞ்ச்("ஈ2:ஈ20001").வேல்யூ2 = விடை. மொத்தம் இரண்டு தட்டல். நிமிடக்கணக்கில் ஓடிய மேக்ரோ நொடியில் முடிவதைப் பார்த்து, ஏதோ விட்டுப்போய்விட்டதோ என்று விடைகளை உட்கார்ந்து சரிபார்த்தவர்கள் உண்டு. நானும் சரிபார்த்திருக்கிறேன்.

முதல்முறை செய்யும்போது இடறும் இடங்கள் சில. ஷீட்டிலிருந்து வரும் அரே எப்போதும் 1, 1 என்றுதான் தொடங்கும். ரேஞ்ச் இரண்டாவது வரிசையில் தொடங்கினாலும், அரேயில் அது முதல் வரிசை. ஒரே ஒரு செல்லைப் படித்தால் அரே வராது, வெறும் மதிப்பு மட்டும் வரும். ஒரே நெடுவரிசையைப் படிக்கும் மேக்ரோ, தரவு ஒரே வரிசையாகச் சுருங்கும் நாளில் இதனால் உடையும். ஃபார்முலா இருக்கும் பகுதியைப் படித்து அப்படியே திருப்பி எழுதினால் ஃபார்முலா போய் எண் மட்டும் மிஞ்சும். '00123' போன்ற குறியீட்டைச் சாதாரண செல்லில் திருப்பி எழுதினால் எக்செல் அதை 123 ஆக்கிவிடும், முன்கூட்டியே அந்த செல்களை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். வேல்யூ போடாமல் ஏன் வேல்யூ2 என்று கேட்டால், வேல்யூ தேதியையும் கரன்சி வடிவத்தில் உள்ள எண்ணையும் வேறு வகையாக மாற்றித் தரும், கரன்சியில் நான்கு தசம இடத்துக்கு மேல் நிற்காது. வேல்யூ2 உள்ளதை உள்ளபடி தரும்.

வரிசைகளை அழிப்பதிலும் இதே கணக்குதான். லூப்பில் ஒவ்வொன்றாக அழித்தால், ஒவ்வொரு தடவையும் கீழே உள்ள அத்தனையும் ஒரு படி மேலே ஏற வேண்டும். அழிக்க வேண்டியவற்றை ஆட்டோஃபில்டரில் வடிகட்டி மொத்தமாக ஒரே முறை அழித்துவிடுங்கள்.

ரெக்கார்ட் செய்த மேக்ரோ

பலருடைய மேக்ரோ எழுதியதே இல்லை, ரெக்கார்ட் செய்தது. ரெக்கார்டர் நம் மவுஸ் போன பாதையை அப்படியே எழுதி வைக்கும்: இந்த செல்லை செலக்ட் செய், காப்பி செய், அந்த ஷீட்டுக்குப் போ, செலக்ட் செய், பேஸ்ட் செய். மனிதனுக்குத்தான் ஒன்றைத் தொட்ட பிறகு மாற்ற வேண்டும், மேக்ரோவுக்கு அது தேவையில்லை. "அந்த ரேஞ்சின் மதிப்பு = இந்த ரேஞ்சின் மதிப்பு" என்று ஒரே வரியில் எழுதலாம், கிளிப்போர்டும் வேண்டாம்.

எக்செல் 2013இல் இது இன்னும் உறைக்க ஆரம்பித்தது. அதுவரை எல்லா ஃபைலும் ஒரே பெரிய ஜன்னலுக்குள் இருக்கும். 2013 முதல் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ஜன்னல், தனி ரிப்பன். இரண்டு ஃபைலுக்கு இடையே 'ஆக்டிவேட்' போட்டு மாறி மாறிக் குதிக்கும் மேக்ரோ, ஒவ்வொரு குதிப்பிலும் ஒரு முழு ஜன்னலை முன்னே கொண்டுவர வேண்டியதாயிற்று. புது வெர்ஷனுக்கு மாறிய பிறகு திரை படபடவென்று மின்னுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். ஃபைலைத் திறக்கும்போதே ஒரு மாறியில் பிடித்துக்கொண்டால், பிறகு எந்த ஜன்னல் முன்னே இருக்கிறது என்ற கவலையே இல்லை.

ரெக்கார்டரின் இன்னொரு கைவரிசை பேஜ்செட்டப், அதாவது பிரிண்ட் எடுக்கும் தாளின் அமைப்பு. நீங்கள் தாளை நீளவாட்டில் இருந்து அகலவாட்டுக்கு மாற்றியது மட்டும்தான். ரெக்கார்டரோ ஓரம், தலைப்பு, அடிக்குறிப்பு, அளவு என்று அந்தப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் இருபதுக்கு மேற்பட்ட வரிகளாக எழுதித் தள்ளியிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எக்செல் பிரிண்டரின் டிரைவரோடு பேசும். பழைய மெஷினில் பிரிண்டர் பக்கத்திலேயே வயரில் இருந்தது. புது மெஷினில் அது நெட்வொர்க்கில் எங்கோ இருக்கிறது, சில சமயம் அணைந்தும் கிடக்கிறது. முப்பது ஷீட்டுக்கு இதைச் செய்யும் மேக்ரோவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான ஒன்றிரண்டு வரியை விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். எக்செல் 2010 முதல் அப்ளிகேஷன்.பிரிண்ட்கம்யூனிகேஷன் = ஃபால்ஸ் என்று போட்டு எல்லா அமைப்பையும் சொல்லிவிட்டு, கடைசியில் ட்ரூ ஆக்கினால் ஒரே பேச்சில் முடித்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் டீஃபால்ட் பிரிண்டரை 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டூ பிடிஎஃப்' என்று மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓடினால் குற்றவாளி பிரிண்டர்தான்.

அளந்து பாருங்கள்

மாற்றியது பலன் தந்ததா என்று மனக்கணக்கில் முடிவு செய்ய வேண்டாம். தொடக்கத்தில் டி = டைமர், முடிவில் டீபக்.பிரிண்ட் டைமர் - டி. எடிட்டரில் கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் வரும் இமீடியட் ஜன்னலில் எத்தனை நொடி என்று தெரியும். பெரிய மேக்ரோவில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று போடலாம். டைமர் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதைத்தான் சொல்லும், அதனால் இரவு 12 மணியைத் தாண்டி ஓடும் மேக்ரோவில் மைனஸ் எண் வந்தால் பயப்பட வேண்டாம்.

ஃபைல் இருக்கும் இடத்தையும் பாருங்கள். முன்பு சொந்த டிஸ்கில் இருந்தது இப்போது ஒன்டிரைவிலோ நெட்வொர்க்கிலோ இருக்கலாம், 'ஆட்டோசேவ்' வேறு இடையிடையே சேமித்துக்கொண்டிருக்கலாம். டெஸ்க்டாப்பில் ஒரு நகல் வைத்து ஓட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும். 64 பிட் எக்செல்லுக்கு மாறியதுதான் காரணமா என்றும் கேட்பார்கள். அங்கே வருவது வேறு பிரச்சினை: விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் 'டிக்ளேர்' வரிகளில் 'பிடிஆர்சேஃப்' சேர்க்காவிட்டால் மேக்ரோ ஓடவே ஓடாது.

எக்செல்லுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ் கால்க்குக்கு மாறியவர்களுக்கும் இதே நோய், இதே மருந்து. அங்கே மொத்தமாகப் படிக்க கெட்டேட்டாஅரே, மொத்தமாக எழுத செட்டேட்டாஅரே, திரையை நிறுத்திவைக்க லாக்கன்ட்ரோலர்ஸ்.

மேக்ரோ நிரபராதியாக இருக்கும்போது

இத்தனைக்குப் பிறகும் மெதுவா? மேக்ரோவை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு காலி செல்லில் கையால் 5 என்று அடித்து என்டர் தட்டுங்கள். கர்சர் கீழே இறங்கவே ஒரு நொடி யோசிக்கிறது என்றால் கோளாறு ஃபைலில்.

கன்ட்ரோல்+எண்ட் அழுத்துங்கள். தரவு 800 வரிசையில் முடிய, கர்சர் ஆறு லட்சத்தில் போய் நின்றால் கீழே காலி வரிசைகளில் யாரோ வண்ணமோ கட்டமோ போட்டிருக்கிறார்கள். அந்த வரிசைகளை முழுதாக அழித்து, சேமித்து, மறுபடி திறங்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். காப்பி, பேஸ்ட் செய்யச் செய்ய ஒரே விதி துண்டு துண்டாக உடைந்து நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கும். ஆஃப்செட், இன்டைரக்ட், டுடே, நவ் போன்றவை ஃபார்முலாவில் நிறைய இருந்தால், எந்த செல் மாறினாலும் அவை திரும்பத் திரும்பக் கணக்கிடப்படும்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத படங்கள். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும் ஷீட்களில், அளவு பூஜ்யமான படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருப்பதுண்டு. எஃப்5 அழுத்தி, 'ஸ்பெஷல்' போய், 'ஆப்ஜெக்ட்ஸ்' தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒன்றாக செலக்ட் ஆகும், டெலீட் தட்டினால் போய்விடும். நகல் எடுத்துக்கொண்டு தட்டுங்கள். செலக்ட் ஆகும் அந்தக் கூட்டத்தில் நீங்கள் மேக்ரோவை ஓட்ட அழுத்தும் பட்டனும் இருக்கும்.